ஆதிரைக்கு ஜெபம் படிப்பித்த கதை

பொய் சொல்லியாவது பிள்ளையை முகாமுக்கு அனுப்புவது என்று கமலாம்பிகை முடிவெடுத்துவிட்டாள்.

அது 2004ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை. ஜெர்மனியின் ஹம் நகரத்துக் கத்தோலிக்கக் கோயில் ஒன்று வடகடல் கரையில் பத்து நாள் முகாம் நடத்தியது. ஆதிரையின் வகுப்பில் பாதிப்பேர் போகிறார்கள். அவளுடைய உயிர்த்தோழி லேனாவும் போகிறாள்.

ஆதிரைக்குப் பத்து வயது. கடலைப் படத்தில்தான் கண்டிருக்கிறாள். போன வருட விடுமுறையில் அம்மா முதியோர் இல்லத்திலும் அப்பா கம்பித் தொழிற்சாலையிலும் மாறி மாறி வேலையில் நிற்க, மூன்றாம் மாடி யன்னலில் இருந்து எதிர்வீட்டு நாயோடு கதைத்தே ஆறு கிழமையையும் போக்கினாள்.

ஆனால் முகாமுக்கான விண்ணப்பத் தாளில் 'கிறிஸ்தவ முகாம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சைவப் பிள்ளையை எப்படி எடுப்பார்கள்? சமயம் என்ற இடத்தில் கமலாம்பிகை 'கத்தோலிக்கம்' என்று எழுதினாள்.

"கடவுளுக்கே பொய் சொல்லப் போறீரோ?" என்று கேட்டார் கணவர் ஞானசுந்தரம்.

"கடவுளுக்கு இல்லை. ஃபோர்முக்குத்தான்."

எழுதினால் மட்டும் போதுமா? அங்கே பிள்ளையை ஜெபம் சொல்லச் சொன்னால்? அதற்குத்தான் அல்பேர்ட் அண்ணையைப் பிடித்தாள். அவர் யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரர். அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை. தனிக்கட்டை. ஞாயிறு தவறாமல் அதே கோயிலுக்குப் போகிறவர்.

விஷயத்தைக் கேட்டு அவர் நாடியைச் சொறிந்தார். ஃபோர்மைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார். அடுத்த நாள் பின்னேரம் வீட்டுக்கு வந்து, கடுமையாக விசாரிப்பார்கள் போலிருக்கிறது, வடிவாகப் படிப்பிக்க வேண்டும் என்றார்.

பாடம் தொடங்கியது. முதல் மூன்று நாளும் ஆதிரை சிலுவை அடையாளத்தை இடக்கையால் போட்டாள். பிறகு நெற்றியை விட்டு மூக்கைத் தொட்டாள். அல்பேர்ட் அண்ணை கோபிக்கவே இல்லை. ஒரு ஜெபம், ஒரு தேத்தண்ணி, பிறகு இராச்சாப்பாடு. தினமும் அப்படித்தான்.

ஒரு நாள் ஆதிரை ஜெபத்தின் நடுவில் தடக்குப்பட்டு நின்றாள். பேப்பருக்குப் பின்னாலிருந்து அடுத்த வரி வந்தது. இந்த விளையாட்டுக்கு நான் இல்லை என்று சொல்லியிருந்த ஞானசுந்தரம்தான்.

கமலாம்பிகை திரும்பிப் பார்த்தாள்.

"எட்டு வருசம் மிஷன் பள்ளிக்கூடத்தில படிச்சனான். மறக்க ஏலுமே?" என்றார் அவர், பேப்பரை இறக்காமல்.

மூன்றாம் கிழமை அல்பேர்ட் அண்ணை செபமாலையும் தெரிய வேண்டும் என்றார். லேனாவுக்கு அதெல்லாம் தெரியாதே என்று ஆதிரை கேட்டாள். அது வேறு, இது வேறு என்று சொல்லி அவர் தேத்தண்ணியைக் குடித்தார்.

புறப்படும் நாளும் வந்தது. காருக்குள் வைத்தே கமலாம்பிகை பிள்ளையின் நெற்றித் திருநீற்றைப் பெருவிரலால் துடைத்தாள். மனதுக்குள் பிள்ளையாரிடம் பத்து நாள் தவணை கேட்டாள்.

கோயில் வளவில் பேருந்து நின்றது. குருவானவர் கையில் பெயர்ப் பட்டியலோடு ஒவ்வொரு பிள்ளையாக ஏற்றிக்கொண்டிருந்தார். அல்பேர்ட் அண்ணையும் வழியனுப்ப வந்திருந்தார்.

ஆதிரையின் முறை. குருவானவர் பெயரைக் கேட்க வாய் திறந்ததுதான் தாமதம், பரீட்சை தொடங்கிவிட்டது என்று நினைத்துவிட்டாள். கையைக் கூப்பிக்கொண்டு படித்த ஜெபம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் தமிழில் ஒப்புவித்தாள். பேருந்துக்குள் இருந்த பிள்ளைகள் யன்னலில் முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தார்கள்.

குருவானவர் முடியும்வரை பொறுமையாக நின்றார். கடைசியில் ஆமென் சொன்னார். பிறகு கமலாம்பிகையிடம் திரும்பி, அவளுக்கு விளங்கும்படி ஆறுதலாக ஜெர்மன் மொழியில் சொன்னார்.

"மிக அழகு. ஆனால் பிள்ளையை ஏன் இவ்வளவு கஷ்டப்படுத்தினீர்கள்? முகாம் எல்லாருக்கும்தான். ஃபோர்மைக் கொண்டுவந்த அன்றே அல்பேர்ட் உண்மையைச் சொல்லிவிட்டார். உங்களுக்கும் அதைச் சொல்லச் சொன்னேனே."

பட்டியலைக் காட்டினார். ஆதிரையின் பெயருக்கு நேரே, 'இந்து. மாட்டிறைச்சி வேண்டாம்.' அதன் கீழே ஒரு துருக்கிப் பையன், 'முஸ்லிம். பன்றி வேண்டாம்.' அதற்கும் கீழே லேனா, 'சமயம் இல்லை.'

பேருந்து புறப்பட்டது. ஆதிரை கை காட்டக்கூட மறந்து லேனாவோடு கதைத்துக்கொண்டு போனாள்.

கமலாம்பிகை திரும்பினாள். "மூண்டு கிழமை, அண்ணை."

அல்பேர்ட் அண்ணை தன் சப்பாத்தைப் பார்த்தபடி நின்றார்.

"அடுத்த நாளே சொல்லத்தான் வந்தனான், தங்கச்சி. கதவைத் திறந்த உடன பிள்ளை, 'மாமா வந்திட்டார்' எண்டு கத்திக்கொண்டு ஓடி வந்தாள். இந்த நாட்டுக்கு வந்து பதினாறு வருசம். என்னைக் கண்டு அப்பிடி ஒருத்தரும் கத்தினதில்லை."

கமலாம்பிகை முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டாள்.

"பொய்க்குத் தண்டனை இருக்கு. நாளைக்கு எங்கட கோயிலில அன்னதானம். காலமை ஆறு மணிக்கு வாங்கோ. பத்துக் கிலோ வெங்காயம் உரிக்க வேணும்."

"நான் வேதக்காரன். கோயிலில ஆரும் கேட்டால்?"

"சைவம் எண்டு சொல்லுங்கோ," என்றார் ஞானசுந்தரம். "தேவாரம் நான் படிப்பிக்கிறன். ஆனால் ஒரு மூண்டு கிழமை எடுக்கும்."