வெட்டிய தாள்

“கொலை பண்ணவன் யாருன்னு இன்னிக்குத் தெரிஞ்சே ஆவணும்!” என்று மஜீது பாய் கத்தரிக்கோலை ஜெயவேலின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

தண்டையார்பேட்டை பீடிக் கொட்டகையில் எல்லோர் கையும் அப்படியே நின்றது. ஜெயவேல் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு, மாடத்தில் கிடந்த துப்பறியும் நாவலை எடுத்தான்.

இருபது பேர் பீடி சுற்ற, ஜெயவேல் கதை படிப்பான். அவன் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். புதுப் புத்தகத்தில் ஓரம் வெட்டாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் தாள்களை அன்றன்றைக்கு வேண்டியது மட்டுமே வெட்ட வேண்டும் என்பது கொட்டகைச் சட்டம். கடைசிப் பக்கத்தைத் திருட்டுத்தனமாகப் பார்க்கிறவன் பெற்ற தாயையும் விற்பான் என்பது பாயின் கட்சி.

இந்தக் கதையில் கொலையானவர் ஒரு ஜமீன்தார். முதல் அத்தியாயத்திலேயே காவல்காரன் மாடசாமிக்கு விலங்கு மாட்டிவிட்டார்கள்.

“மொதப் பக்கத்துல வெலங்கு மாட்டினவன் கடைசிப் பக்கத்துல வெளிய வந்துருவான். நாப்பது பொஸ்தகம் கேட்டுக்கீறேன், ஒண்ணுகூட தப்பினது இல்ல,” என்றார் பாய்.

“கரீட்டு பாய்,” என்றாள் பச்சையம்மா. சொல்லும்போதே அவள் கண் மூலையிலிருந்த சொக்கம்மாள் பக்கம் ஓடியது.

சொக்கம்மாளின் புருஷன் அப்பாவுவும் காவல்காரன்தான். ராயபுரத்தில் கிடங்கு மேஸ்திரியைக் கொன்றதாக ஐந்து மாதமாய் ஜெயிலில் கிடக்கிறான். தூக்கா விடுதலையா என்று நாளைக்குத் தீர்ப்பு.

“ஒன் வூட்டுக்காரரு எறும்பக்கூட மிதிக்க மாட்டாரு” என்று யார் சொன்னாலும் அவள் தலையைக் குனிந்துகொள்வாள். ஜெயிலிலிருந்து வரும் கடுதாசியைக்கூட யாரிடமும் நீட்டிப் படிக்கச் சொன்னதில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொள்வாள். பாவம், வெட்கப்படுகிறாள் என்று கொட்டகை பேசிக்கொண்டது.

ஜெயவேல் கடைசி அத்தியாயத்தைப் பிரித்தான். தாள்கள் ஏற்கெனவே வெட்டியிருந்தன. நேற்று நாமே கைதவறி வெட்டிவிட்டோம் போல என்று நினைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தான்.

வாய் ஒரு வரி படிக்கும்போது அவன் கண் நாலு வரி முன்னால் ஓடும். துப்பறிவாளர் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, ‘கொலையாளி இந்த அறைக்குள்தான் இருக்கிறான்’ என்றார். அதற்குள் ஜெயவேலின் கண் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. ‘ஆம் ஐயா, எஜமானரைக் கொன்ற பாவி நான்தான்!’ என்று மாடசாமி அங்கே கதறிக்கொண்டிருந்தான்.

ஜெயவேல் படிப்பதை நிறுத்தினான். சொக்கம்மாள் கையிலிருந்த இலையை மறந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நாசமாய்ப் போன ஆசிரியருக்குக் கொலை பண்ண உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லையா?

“இன்னா நைனா முயிக்கிற? படி!” என்று பாய் அதட்டினார்.

“‘கொலையாளி... கொலையாளி, ஜமீன்தாரின் மைத்துனரே!’” என்று படித்தான் ஜெயவேல்.

“நான் சொல்லல?” என்று பாய் தொடையைத் தட்டினார். கொட்டகையே கைதட்டியது. பச்சையம்மாவுக்கு மட்டும் திருப்தியில்லை.

“மச்சினன் ரெண்டாவது அத்தியாயத்துலயே ரங்கூனுக்குக் கப்பல் ஏறிட்டானே! எப்டி வந்து கொன்னான்?”

“அது... கப்பல் பாதியில திரும்பி வந்துடுச்சு.”

“தூ! கலீஜா கீது. இத்த எழுதினவனுக்கு மண்டையில இன்னா களிமண்ணா?”

“அவர் எழுதினத நான் படிக்கிறேன். நான் இன்னா பண்றது?” என்றான் ஜெயவேல். முகம் தெரியாத ஆசிரியருக்கு விழுந்த திட்டையெல்லாம் அவனே வாங்கிக்கொண்டான்.

சொக்கம்மாள் கைதட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. மறுபடி இலையைச் சுருட்டத் தொடங்கியிருந்தாள்.

சாயங்காலம் எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து, ஜெயவேல் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகினான். வாசலில் சொக்கம்மாள் துடைப்பத்தோடு நின்றாள்.

“பொஸ்தகத்த எங்க எடுத்துகினு போற, நைனா?”

“வூட்ல கேட்டாங்க, யக்கா.”

“கால்வாயில போடத்தான போற? வேணாம், குடு. காத்தால இலை வெட்ட மொதல்ல வந்தது நானு. அந்தத் தாள வெட்டினதும் நான்தான்.”

ஜெயவேல் புத்தகத்தைச் சட்டையிலிருந்து வெளியே எடுத்தான். “ஒனக்குப் படிக்கத் தெரியுமா?”

“அஞ்சாங் கிளாசு. ஒங்கள்ல யாரு கேட்டீங்க?”

“யக்கா, அது வெறும் கத. எவனோ ஒக்காந்துகினு இஷ்டத்துக்கு எழுதிக்கீறான். அத்த வெச்சு மனச பேஜார் பண்ணிக்காத. அப்பாவு அண்ணன் செஞ்சிருக்கவே மாட்டாரு. நாளைக்கு நீயே பாரேன்...” சொல்லச் சொல்ல அவன் குரல்தான் உடைந்தது. அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

சொக்கம்மாள் புத்தகத்தை வாங்கி மாடத்திலேயே வைத்தாள்.

“கதையிலயாச்சும் வேற யார்னா செஞ்சிருக்கக் கூடாதான்னுதான் நைனா வெட்டிப் பாத்தேன்.”