தானாக அழியும் புரோகிராம்

"இந்த வாரம் மூணு தடவை போட்டேன் இன்ஜினியரம்மா, மூணு தடவையும் ஆன்ட்டிவைரஸ் அழிச்சிடுச்சு" என்று அக்காவின் லேப்டாப்பை நீட்டினார் மாமா.

"என்ன புரோகிராம் மாமா?"

"இலவசம்தான். உங்கக்கா டைப் பண்றதெல்லாம் என் போனுக்கு வந்துடும். அவ நல்லதுக்குத்தான். அவளுக்கு இதை ஆன் பண்ணவே தெரியாது, பாவம்."

"ஆன் பண்ணத் தெரியாதவங்க என்னத்த டைப் பண்ணப் போறாங்க?"

தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு லேப்டாப்பின் பதிவுகளைத் திறந்தாள். ஆன்ட்டிவைரஸ் காலாவதியாகி ஒரு மாதமாக ஓடவே இல்லை. மூன்று முறையும் யாரோ கையால்தான் நீக்கியிருந்தார்கள். மூன்றும் பகல் பதினொரு மணிக்கு. அப்போது மாமா ஆபீஸில் இருப்பார். வீட்டில் அக்கா மட்டும்தான்.

அடுக்களை வாசலில் வந்து நின்றாள் அக்கா.

"என்னம்மா, சரி பண்ண முடியுமா?" என்று கேட்டார் மாமா.

"முடியாது மாமா" என்றாள் தங்கை, அக்கா பக்கம் திரும்பாமல். "இந்த ஆன்ட்டிவைரஸ் நீங்க நினைக்கிறதைவிட ரொம்ப விவரம்."