ஊமை விசில்

"இருநூறையும் நாங்கதான் ஊதணுமா மேடம்?"

மேனேஜர் கேட்டதில் பணிவைவிடப் பயம் அதிகமாக இருந்தது. பக்கத்தில் நின்ற அவருடைய மச்சினன், பேக்கிங் பிரிவின் பொறுப்பாளன், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

"ஆமா சார். நீங்க ஊதுங்க, நான் அளக்கிறேன்," என்று சத்தத்தை அளக்கும் கருவியை மேசைமேல் வைத்தார் இன்ஜினியரம்மா.

படகில் போகிறவர்கள் போட்டுக்கொள்ளும் உயிர்காப்பு அங்கி செய்கிற கம்பெனி அவரை அனுப்பியிருந்தது. அங்கிக்கு ஒரு விசில் வேண்டும். அந்த விசில்கள் இந்தத் தொழிற்சாலையில் தயாராகின்றன. நூறு அட்டைப்பெட்டி, பெட்டிக்கு நூறு விசில். நேற்று மாலை வந்து, சீட்டுக் குலுக்கி, பத்துப் பெட்டிகளில் சாக்பீஸால் குறி போட்டு, "இதையெல்லாம் இறக்கி வைங்க, காலையில வர்றேன்" என்று சொல்லிப் போயிருந்தார்.

"பெட்டிக்கு இருபது எடுப்பேன். பத்து ஊமை வரைக்கும் பரவாயில்லை. பதினொண்ணு ஆச்சுன்னா மொத்தச் சரக்கும் திரும்பிடும்."

ஊதினால் சத்தம் வராத விசிலுக்கு அங்கே ஊமை என்று பெயர். போன தடவை ஊமைகள் கொஞ்சம் தாராளமாகவே போய், போன மச்சான் திரும்பி வந்த கதையாகச் சரக்கு வந்து சேர்ந்திருந்தது. அதன்பிறகு விசில் வார்க்கும் அச்சை மாற்றிவிட்டார்கள். ஆனாலும் முதலாளி சொன்னது மேனேஜர் காதைவிட்டுப் போகவில்லை. "இன்னொரு தடவை வந்துச்சுன்னா, நீயும் உன் மச்சினனும் அப்படியே கிளம்பிடுங்க." ஒரே வீட்டில் இரண்டு சம்பளமும் ஒரே நாளில் நின்றால் அடுப்பு எப்படி எரியும்?

"ஊது மாப்ளே."

"மாமா, என் வாயைப் பாத்தீங்கல்ல?"

கையை எடுத்தான். உதடு இரண்டும் வீங்கிப்போய், மூக்கோடு போட்டி போட்டுக்கொண்டிருந்தன.

"என்ன ஆச்சு தம்பி?"

"பல்வலி மேடம்," என்று மேனேஜர் முந்திக்கொண்டார்.

"உங்க கன்னமும் உப்பியிருக்கே சார்?"

"எனக்கும் பல்வலிதான். ஒரே வீடு, ஒரே டூத்பேஸ்ட்."

இன்ஜினியரம்மா முதல் விசிலை எடுத்து நீட்டினார்.

பீ...!

வாசல் காவலாளி தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஓடிவந்து, அசடு வழியத் திரும்பிப் போனார். ஐம்பதாவது விசிலில் கணக்குப் பிரிவில் எல்லோரும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். மாமனும் மச்சினனும் மாறி மாறி ஊதினார்கள். நூறு தாண்டியும் ஒரு ஊமைகூட வரவில்லை. மேனேஜருக்குத் தெம்பு வந்தது. தெம்பு வந்ததும் பேச்சும் வந்தது.

"ரொம்ப நாளா ஒரு சந்தேகம் மேடம். இன்ஜினியருங்க மெஷினைப் பத்திப் படிச்சாப் போதாதா? நிகழ்தகவு, புள்ளியியல்னு எதுக்கு மண்டையை உடைச்சுக்கறீங்க?"

"பத்தாயிரத்தையும் ஊதிப் பாக்க முடியாதே சார். இருநூறை ஊதிட்டு மீதியைப் பத்தி முடிவெடுக்கணும். அந்த முடிவு தப்பாப் போக எவ்வளவு வாய்ப்பிருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுக் கையெழுத்துப் போடணும். தண்ணியில மிதக்கிறவன்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு விசில். அவன் உயிரு அதுலதான் இருக்கு."

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்கிறீங்க."

"அதேதான். ஆனா பானையை நல்லாக் கிளறியிருக்கணும்."

மேனேஜருக்கு ஏனோ இருமல் வந்தது. மச்சினன் அடுத்த விசிலை அவசரமாக வாங்கிக்கொண்டான்.

கடைசி விசிலும் காதைப் பிளந்தது. மேனேஜர் மேசையைத் தட்டினார். "இருநூத்துக்கு இருநூறு! ஒரு ஊமைகூட இல்லை!"

இன்ஜினியரம்மா தாளில் ஏதோ எழுதினார். "சரக்கை ஏத்துக்க முடியாது சார்."

"என்ன மேடம் இது! ஒண்ணுகூட ஊமை இல்லையே!"

"அதுதான் சிக்கல். அச்சு மாத்தின பிறகும் நூத்துக்கு மூணு ஊமைன்னு உங்க ரிஜிஸ்டர்ல நீங்களே எழுதியிருக்கீங்க. அப்போ இருநூறுல ஒரு ஆறு வரணும். வந்திருந்தா சந்தோஷமாக் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஒண்ணுமே வராம இருக்கிறது, இப்படி இருநூறு இருநூறா நானூறு தடவை எடுத்து ஊதினா ஒரு தடவை நடக்கலாம்."

"அந்த ஒரு தடவை இன்னிக்கு நடந்துடுச்சு! எங்க அதிர்ஷ்டம் மேடம்!"

"இருக்கலாம். நான் ஏன் இல்லைன்னு சொல்லணும்?" இன்ஜினியரம்மா குறி போட்ட பெட்டிகளைப் பார்த்தார். "அதுக்குள்ள இன்னும் எண்ணூறு இருக்கு. அதையும் ஊதிடுவோம். இருபதுக்கு மேல ஊமை வந்துச்சுன்னா உங்க அதிர்ஷ்டத்தை நம்பறேன். தம்பி, ஆரம்பிங்க."

மேனேஜர் கண்ணைக் காட்டுவதற்குள் மச்சினன் இரண்டு கைகளையும் கூப்பிவிட்டான்.

"ஐயோ, வராது மேடம்! ஒண்ணுகூட வராது! நேத்து ராத்திரியே அந்த ஆயிரத்தையும் நானும் மாமாவும் ஊதி ஊதி, முப்பத்தோரு ஊமையைப் பொறுக்கி எடுத்துட்டோம்!"

இன்ஜினியரம்மா பேனாவை மூடினார்.

"ரொம்ப நல்லது தம்பி. மீதி தொண்ணூறு பெட்டியையும் அதே மாதிரி ஊதிப் பொறுக்கிட்டுக் கூப்பிடுங்க, வந்து கையெழுத்துப் போடறேன்."