இருபத்தாறு விமானங்கள்

“ஒரு ஆள் போதும்மா. வானத்தை ரெண்டாப் பிரிக்கணும்னு நாளைக்கு மீட்டிங்ல போய்ச் சொன்னா என்னைப் பாத்துச் சிரிப்பாங்க” என்று சொல்லிக்கொண்டேதான் சதாசிவம் அபூர்வாவின் அறைக்குள் நுழைந்தார்.

அபூர்வா எழுந்து நின்றாள். நாடு முழுவதும் பறக்கும் விமானங்களைக் கணினிக்குள் ஓடவிட்டு, பத்து வருடம் கழித்து எந்த வழி அடைத்துக்கொள்ளும், எங்கே புது வழி போட வேண்டும் என்று பார்ப்பது அவள் வேலை. டெல்லிக்கு மேற்கே, தரையிலிருந்து விமானங்களுக்கு வழி சொல்லும் ஒரே கன்ட்ரோலர் கவனித்துக்கொள்ளும் வான்பகுதியை இரண்டாக்கி, இரண்டு பேரை உட்கார வைக்க வேண்டும் என்று அவள் அறிக்கை எழுதியிருந்தாள். இயக்குநர் சதாசிவம் கையெழுத்துப் போட்டால்தான் அது நாளைக் காலைக் கூட்டத்துக்குப் போகும்.

அவர் போடுகிற மாதிரி தெரியவில்லை. இருபத்தெட்டு வருடம் ரேடார் முன்னால் உட்கார்ந்து எழுந்தவர். ஒரு சின்னத் தவறுகூடக் கிடையாது. அதோடு அன்று காலைதான், போன மாதம் இரண்டு விமானங்களை நெருங்கவிட்ட தர்மன் என்ற கன்ட்ரோலரை சஸ்பெண்ட் செய்து கையெழுத்துப் போட்டிருந்தார். கவனக்குறைவு என்று ஒரே வரியில் முடிந்திருந்தது விசாரணை அறிக்கை. அந்த எரிச்சல் இன்னும் அவருக்கு அடங்கவில்லை. ஆளைக் கூட்டினால் கவனம் கூடிவிடுமா என்று கேட்டார்.

“அப்ப நீங்களே ஒரு தடவை உட்கார்ந்து பாருங்க சார். இருபது நிமிஷம்தான். பத்து வருஷம் கழிச்சு வரப்போற டிராஃபிக்கைப் போட்டிருக்கேன்.”

அவள் குரல் லேசாக நடுங்கியது. தற்காலிக வேலை, அடுத்த மாதம் அவர்தான் நீட்டிக்க வேண்டும். அந்தப் பயமாக இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு உட்கார்ந்து, ஹெட்போனை அணிந்தார்.

திரையில் பன்னிரண்டு பச்சைப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு விமானம். பக்கத்து அறையிலிருந்து நாலு ஊழியர்கள் விமானிகள் மாதிரிப் பேசினார்கள். சதாசிவத்துக்கு எல்லாம் உடனே நினைவுக்கு வந்துவிட்டது. ஒன்றை இறக்கினார், ஒன்றை ஏற்றினார், ஒன்றைத் திருப்பினார். ஐந்தாவது நிமிடம் அபூர்வாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“அச்சா. இவ்வளவுதானா?”

அவள் திரையைக் கைகாட்டினாள்.

எட்டாவது நிமிடம் மேற்குப் பக்கம் இடிமேகம் திரண்டது. மூன்று வழிகளில் இரண்டு அடைபட்டன. வந்த விமானமெல்லாம் மீதியிருந்த ஒரே வழிக்குள் நெருக்கிக்கொண்டு வந்தது. பதினெட்டு. இருபத்தொன்று. மேகத்தைச் சுற்றிப் போக அனுமதி வேண்டும் என்று நாலு விமானிகள் ஒரே நேரத்தில் கேட்டார்கள். ஒருவருக்குச் சொன்ன உத்தரவை இன்னொருவர் தனக்கென்று எடுத்துக்கொண்டார். அதைத் திருத்துவதற்குள் மேலும் மூன்று புள்ளிகள் உள்ளே வந்துவிட்டன.

சதாசிவத்தின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவர் இமைக்கவே இல்லை. இருபத்தாறு விமானங்கள். ஒன்றில் பயணி ஒருவருக்கு நெஞ்சுவலி, உடனே இறங்க வேண்டும் என்று குரல் வந்தது. அதற்கு வழி ஒதுக்க அவருக்குப் பதினைந்து நொடி பிடித்தது.

அந்தப் பதினைந்து நொடியில் திரையின் கீழ்மூலையில் இரண்டு புள்ளிகள் சிவந்தன. ஒரே உயரம், எதிரெதிர்த் திசை. ஐந்து மைல் இருக்க வேண்டிய இடைவெளி மூன்றுக்கு வந்துவிட்டது. அவர் கத்தினார். விமானத்தின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டார். மறுபடி சொன்னார். ஒரு மைல்.

அபூர்வா கணினி ஓட்டத்தை நிறுத்தினாள்.

சதாசிவம் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். அந்த இரண்டு விமானங்களிலும் சேர்த்து எத்தனை பேர் இருப்பார்கள் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டது. முந்நூற்று அறுபது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

“நான் கவனமாத்தாம்மா இருந்தேன். ஒரு நொடி கண்ணை எடுக்கலை.”

“தெரியும் சார். நான் உங்களைத்தான் பாத்துட்டு இருந்தேன்.”

சதாசிவம் வறட்டுக் கௌரவம் பார்க்கிறவர் அல்ல. அறிக்கையை எடுத்துவரச் சொன்னார். கையெழுத்து மட்டும் போடாமல், அடியில் தன் கையாலேயே நாலு வரி எழுதினார்: ‘இந்த நெரிசலை நானே நேரில் கையாண்டு தோற்றேன். இதைத் தனி ஒருவரிடம் விடக் கூடாது. விட்டு, பிழை நேர்ந்தால், குற்றம் அவருடையதல்ல. அவரைத் தனியாக உட்கார வைத்த நம்முடையது.’

தேதியும் போட்டு அவளிடம் நீட்டினார். இவ்வளவு கூட்டம் வருவதற்கு இன்னும் பத்து வருடம் இருக்கிறது, அதுவரைக்கும் பிழைத்தோம் என்றார்.

அபூர்வா தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இப்போது அவள் குரலில் நடுக்கம் இல்லை.

“பத்து வருஷம் இல்லை சார், பொய் சொன்னதுக்கு மன்னிச்சுக்கோங்க. இது போன மாசம் பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் நிஜமா வந்த டிராஃபிக், விமானங்களோட பேரை மட்டும்தான் மாத்தினேன். அன்னிக்கு அந்த சீட்ல தனியா இருந்தவர் தர்மன்தான் சார்.”