முனி புகைப்பதை நிறுத்திய வாரம்

“அந்த டிராக்டரை ஸ்டார்ட் பண்ணுங்க, மாமா.”

பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது.

எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா வாசலை மறித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். சந்திரமதி முதலில் கேட்டதே அதைத்தான்.

மருதப்பன் மாமா கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அம்மாவின் தம்பி. புக்கிட் பாஞ்சாங் கல்மலையில், அந்தக் கல்லுடைக்கும் குவாரியில், வண்டி பழுதுபார்க்கும் பட்டறைக்கு அவர்தான் மண்டோர், ஆட்களை மேய்க்கும் மேஸ்திரி. அப்பா போன பிறகு வீட்டில் அடுப்பெரிந்தது அவரால். சந்திரமதி பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தது அவரால். அண்ணன் வடிவேலுவுக்கு இங்கே டிராக்டர் ஓட்டும் வேலை கிடைத்ததும் அவரால்தான்.

“வடிவேலு காரியம் முடிஞ்சு ஈரம்கூடக் காயல. முனி இருக்கிற வண்டிம்மா அது. வேணாம்லா.”

“நாளைக்குக் கோர்ட்டுல விசாரணை. அண்ணன் குடிச்சிருந்தான்னு கம்பெனி சொல்லப்போவுது. உங்க முனி கூண்டுல ஏறி, இல்லன்னு சாட்சி சொல்லுமா?”

பின்னால் யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பழைய டீசல் இன்ஜின் அது. வண்டியை நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டால், அடிவயிற்றோரம் இருக்கும் குழாயிலிருந்து குபுகுபுவென்று புகை வரும். முனி சுருட்டுப் பிடிக்கிறார் என்றார்கள் ஆட்கள். பானெட்டில் சிவப்புத் துணி கட்டி, வெள்ளிதோறும் ஒரு சுருட்டைக் கொளுத்தி வைத்தார்கள்.

ஒரு வெள்ளிக்குப் பிறகு புகை நின்றுவிட்டது. முனி மனம் குளிர்ந்துவிட்டார் என்று எல்லாருக்கும் சர்க்கரைப் பொங்கல்.

அதே வாரம் கல் பாரத்தோடு சரிவில் இறங்கினான் வடிவேலு. டீசலை நிறுத்துகிற கம்பியை அவன் இழுத்துப் பிடித்தும் இன்ஜின் நிற்கவில்லை, ஊளையிட்டுக்கொண்டே போனது என்றார்கள் பார்த்தவர்கள். வாய்க்காலில் கவிழ்ந்தது. வண்டியை நிமிர்த்த முடிந்தது.

செருப்புக் காலோடு ஏறினானாம், அதனால்தானாம். அம்மா அதை நம்பினாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள், பிள்ளைக்காக முனியிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டிருந்தாள். சந்திரமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது அதுதான்.

டிராக்டர் நின்ற கொட்டகையை விபத்து நடந்த அன்றைக்கே பூட்டச் சொல்லிவிட்டார் கம்பெனி மேனேஜர் துரை. சாவி ஸ்டோரில் இருந்தது. ஸ்டோர்காரர் அஹமது கபீர் அதை எடுத்துக்கொண்டு வந்து, பட்டறையை ஒட்டியிருந்த அந்தக் கொட்டகையைத் திறந்துவிட்டார்.

“துரை கேட்டா, நான் தொழப் போயிருந்தேன்னு சொல்லிடு புள்ள. எந்த வேளைத் தொழுகைன்னு அவருக்கா தெரியப்போவுது?”

யாரும் சிரிக்கவில்லை.

மாமா அசையாததால் அவளே ஏறினாள், செருப்போடு. எப்படிக் கிளப்புவது என்று அண்ணன் காட்டிக் கொடுத்திருந்தான்.

இன்ஜின் இருமிக்கொண்டு எழுந்தது. அடிவயிற்றுக் குழாயில் புகை இல்லை. நன்றாகச் சூடேறும்வரை அவள் அதை உறுமவிட்டாள். பிறகு டீசலை நிறுத்தும் கம்பியை முழுக்க இழுத்தாள்.

இன்ஜினுக்குக் குடிக்க ஒரு சொட்டு டீசல் இல்லை. நின்றிருக்க வேண்டும்.

ஒரு கணம் தணிந்தது, மூச்சை உள்ளே இழுப்பதுபோல. பிறகு தானாக வேகமெடுத்தது.

ஸ்டியரிங் அதிர்ந்தது. வேறு யாரோ அதைப் பிடித்துத் திருப்பப் பார்ப்பதுபோல் இருந்தது அவளுக்கு. கூரைவரை நீலப் புகை. சிவப்புத் துணி படபடத்தது. உறுமல் ஊளையானது, ஊளை ஏறிக்கொண்டே போனது.

“முனியாண்டி!” என்று ஒருவன் அலறினான். எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள். கபீரும் ஓடினார்.

சந்திரமதி எல்லாவற்றிலிருந்தும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் இன்ஜினைப் பார்க்கவில்லை.

மருதப்பன் மாமா மட்டும் வண்டியை நோக்கி ஓடிவந்தார்.

குனிந்து தேடவில்லை. தடவிப் பார்க்கவும் இல்லை. பானெட்டின் இடப்பக்கத் தகட்டுக்குப் பின்னால் நேராகத் தோள்வரை கையை விட்டு, ஒரு கறுப்பு ரப்பர் குழாயைப் பிடுங்கினார். அடைபட்டிருந்த புகை பீறிட்டு அவர் முகத்திலேயே அடித்தது.

இன்ஜின் விக்கி விக்கி நின்றது.

வாசலில் நின்றவர்கள் மெல்லத் திரும்பி வந்தார்கள். குழாயைப் பார்த்தார்கள். மாமாவைப் பார்த்தார்கள்.

பிஸ்டன் ரிங் தேய்ந்த இன்ஜின். வயிற்றில் சேரும் புகையில் எண்ணெயும் கலந்திருக்கும். அதை ஒரு குழாய் போட்டு, காற்று இழுக்கும் வாயிலேயே திருப்பிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் சூடேறிவிட்டால், டீசலை நிறுத்தினாலும் இன்ஜின் தன் எண்ணெயையே குடித்துக்கொண்டு ஓடும்.

சந்திரமதி அந்தக் குழாயைக் காலையிலேயே பார்த்துவிட்டாள். யாரும் வேலைக்கு வருமுன் கபீர் அவளுக்காகக் கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டிருந்தார். அப்போதே கழற்றிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் போட்டது யார் என்று குழாய் சொல்லாது. யாரும் ஓடி வராவிட்டால் காற்று வாயை அடைக்க, ஒரு பலகையைக் காலடியில் தயாராக வைத்திருந்தாள்.

மாமா மட்டும் வந்துவிடக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முனியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்றுகூட.

“வண்டிப் புகையை செக் பண்ண வர்ற இன்ஸ்பெக்டர் பாத்துட்டுப் போற வரைக்கும்தாம்மா,” என்றார் மாமா. முகமெல்லாம் கரி. “அப்புறம் கழட்டிடலாம்னு...”

அவள் இறங்கினாள். அவர் கையிலிருந்த குழாயை வாங்கிக்கொண்டாள். அவர் கொடுத்துவிட்டார்.

“மதி, அக்காகிட்ட நானே சொல்லிடறேன். மதி!”

வீட்டுக்குப் போகும் பஸ் எதிர்ப்பக்கம் வந்து நின்றது. சந்திரமதி அதைப் பார்க்காமல், போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் பக்கம் நடந்தாள்.