ஐந்தரை பவுண்டு

குர்ட் ஹாகன் மலைக்குப் போய் ஐம்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. அவனுடைய பிக்கப் வண்டி அடிவாரத்தில் பனி மூடி நின்றது. அதைச் சுற்றி ஷெரீஃப் அலுவலகப் போலீஸ் வண்டிகள் நான்கு. திறந்த கதவுகளுக்குப் பின்னால் ஆட்கள் காட்டைப் பார்த்துத் துப்பாக்கி நீட்டிக் காத்திருந்தார்கள்.

முதல் வண்டியின் பின் இருக்கையில் அவன் மனைவி ஜனெல் இருந்தாள். வலது கண் வீங்கி மூடியிருந்தது. புருவத்துக்கு மேல் அகலமான பிளாஸ்திரி, தோளில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கன்றல்.

வேட்டைக் காலத்தில் அந்தப் பக்கம் வருகிறவர்கள் எல்லோரும், தூரத்திலிருந்தே ஆள் என்று தெரிய, ஆரஞ்சு மேலங்கி போட்டாக வேண்டும். ஜனெலுடையது தொளதொளவென்று முட்டிவரை தொங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த குர்ட்டின் அக்கா லொரைன் அதை இழுத்து, அந்தக் கன்றல் தெரியாதபடி மூடிவிட்டாள்.

சனிக்கிழமை மதியம் ஜனெல் தானே கார் ஓட்டிக்கொண்டு ஊர் மருத்துவமனைக்கு வந்திருக்கிறாள். தையல் போட்ட நர்ஸ் கதவைச் சாத்திவிட்டு, வீட்டுக்காரர் கை வைத்தாரா என்று கேட்டாள். ஜனெல் தலையைக் குனிந்துகொண்டாள். அவருடைய துப்பாக்கி எங்கே என்றதற்கு மட்டும், மலையில் என்றாள். அதற்குப் பிறகு யாரிடமும் அவள் பேசவில்லை.

லொரைனுக்கு ஆச்சரியம் வரவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது. அவர்களுடைய அப்பா அம்மாவை அடித்த வீட்டில்தான் இருவரும் வளர்ந்தார்கள்.

துப்பாக்கி வாங்கி ஒன்பது நாள்தான் ஆகிறது. குண்டு போடாமல் எடை ஐந்தரை பவுண்டு. முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு பழைய துப்பாக்கியைச் சுமந்து குர்ட்டால் மலையேற முடியவில்லை. மர அறுவை ஆலையில் எல்லோரிடமும் இதைக் கொடுத்து இரண்டு விரலால் தூக்கச் சொன்னான். பொம்மைக் கடையில் வாங்கினாயா என்று ஒருவன் கேட்டதற்கு, உன் வயிற்றைவிட லேசு, ஜனெல்கூடத் தூக்கிவிடுவாள் என்றானாம்.

துப்பாக்கி வாங்கிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, கல்குவாரியில் அதைச் சுட்டுக் குறி சரிபார்த்துவிட்டு லொரைன் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். வலது தோளை அசைக்க முடியாமல் முள்கரண்டியை இடது கையில் பிடித்திருந்தான். நாலு குண்டுக்கே இந்தக் கதியா என்று அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். நல்லவனாகத்தான் தெரிந்தான்.

ஷெரீஃபின் துணை அதிகாரி ப்ரூயிட் முன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினார். குர்ட்டோடு இருபது வருஷம் ஒன்றாக வேட்டைக்குப் போனவர்.

"மேல போய்த் தேடக் கூடாதா?" என்றாள் லொரைன். "நேத்துலேர்ந்து பனி கொட்டுது."

"பெண்டாட்டியை அடிச்சுட்டு, துப்பாக்கியோட காட்டுல இருக்கான் லொரைன். என் பசங்களை அனுப்ப முடியாது. அவனா இறங்கி வரட்டும்."

"வந்தா?"

"வெறுங்கையோட வந்தா உயிரோட போவான்." ப்ரூயிட் புருவத்தின் மேலிருந்த தழும்பைச் சொறிந்தார். முதல் துப்பாக்கி வாங்கிய வருஷத்தின் தழும்பு. அந்த ஊரில் பாதி ஆண்களுக்கு அது உண்டு.

பிறகு ஒலிபெருக்கியின் மைக்கைப் பின்னால் நீட்டினார். நீ கூப்பிட்டால் வருவான் என்றார். லொரைன் கையுறையைக் கழற்றிவிட்டு அதை வாங்கினாள்.

"குர்ட், நான்தான்டா." அவள் குரல் மலையில் மோதித் திரும்பி வந்தது. "துப்பாக்கியை அங்கேயே போட்டுடு. கையைத் தூக்கிட்டு, மெதுவா வா. அப்பா மாதிரி ஆயிட்டோமேன்னு வெக்கப்பட்டு உக்காந்திருக்காதே. நான் உன்கூட வரேன். கோர்ட்டுக்கும் வரேன்."

காட்டில் எதுவும் அசையவில்லை. அவள் மறுபடியும் பித்தானை அழுத்தினாள். "குளிர்ல செத்துப் போயிடாதேடா."

ஜனெலின் கை வந்து மைக்கை மூடியது.

"போதும். அவருக்குக் கேக்காது."

இரண்டு நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை அது. ப்ரூயிட் திரும்பிப் பார்த்தார். ஏன் கேட்காது என்றார்.

ஜனெல் மேலங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "பேக்கரி வேலை முடிஞ்சு என் கார்ல வந்து அவரோட சேர்ந்துக்கிட்டேன். அவசரத்துல என்னோட மேலங்கியை மறந்துட்டேன். அவர் போட்டிருந்த இதைக் கழட்டி எனக்குப் போட்டுவிட்டார். துப்பாக்கியையும் என் கையில குடுத்துட்டு, மானைக் கெளப்பி விடறேன்னு புதருக்குள்ள போனார்."

அவள் கண்ணாடி வழியாகக் காட்டைப் பார்த்தாள்.

"பழுப்பா ஏதோ அசைஞ்சுது" என்றாள்.

லொரைனுக்கு இன்னும் புரியவில்லை. அவள் அந்த வீங்கிய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ இது? அவன் அடிச்சதில்லையா?"

ஜனெல் பிளாஸ்திரியை மெல்ல உரித்தாள். துப்பாக்கியின் மேலிருக்கும் குறி பார்க்கும் குழாயின் விளிம்பு போலப் பிறையாக வளைந்த வெட்டு. அதன் மேல் நாலு தையல். ப்ரூயிட்டின் விரல் தானாக அவருடைய புருவத்துக்குப் போய், அங்கேயே நின்றது.

"துப்பாக்கி உதைச்சுது."