பேர் நம்பர்

பத்து மணி ரயில், மலைநாட்டு வாயில் கோச்சி, வர இன்னும் கால் மணி நேரம். ஹட்டன் ஸ்டேஷனில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று, தன் மனைவி எவனோடு ஓடப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தான் ஜீவராஜ்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூன்று நாளாக எதைத் தின்றாலும் ருசி தெரியவில்லை.

"நல்லா பார்த்தியா மச்சான்?" என்றான் யோகேஸ்வரன். சாட்சிக்கென்று கூட்டி வரப்பட்ட சிநேகிதன். வடையில்தான் அவன் கவனம். "தனுஷிகா அப்படிப்பட்ட புள்ள இல்லியேடா."

"அவ போன்லதான் பார்த்தேன்."

"பூட்டு போட்டிருக்குமே?"

"பேர் நம்பர்தான் போட்டிருக்கா. நாலு ஒண்ணு ஏழு, முன்னால ஒரு சைபர்."

தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது அவள் பேருக்குப் பதிலாகக் கணக்கப்பிள்ளை தினமும் மலைக்கே கேட்கிற மாதிரி கத்துகிற நம்பர் அது. "நம்ம லயத்து வீடுகள்ல எல்லாரும் அதத்தானே போட்டிருக்காங்க" என்றான் ஜீவராஜ். யோகேஸ்வரன் வடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, தன் போனை எடுத்து உள்பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

இரண்டு வருஷமாக, அவள் குளிக்கப் போகும் நேரமெல்லாம் ஜீவராஜ் அந்தப் போனைத் திறந்து பார்த்து வருகிறான். போன தையில் கொழும்புக் கடை ஒன்றிலிருந்து, வேலைக்கு வரலாம் என்று அவளுக்குச் செய்தி வந்தது. அவள் பெயரில் 'வர முடியாது' என்று இவனே பதில் போட்டு, இரண்டையும் அழித்துவிட்டான்.

பத்து நாள் காத்திருந்துவிட்டு அவள் கடைக்கே போன் எடுத்துக் கேட்டாள். பிறகு இவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சண்டை போடவில்லை. நம்பரைக்கூட மாற்றவில்லை.

"அப்படி என்னதான்டா எழுதியிருந்தா?"

"'சனிக்கிழமை பத்து மணிக் கோச்சி. றொசல்லயில ஏற ஏலாது, அவரு ஆட்டோவோட நிப்பாரு. ஹட்டனுக்கே வந்திடுறேன்.' 'கே'ன்னு பேர் போட்டு வச்ச ஒருத்தனுக்கு."

ஹட்டனை விட்டால் கோச்சி அடுத்து நிற்கிற றொசல்ல ஸ்டேஷன் வாசலில்தான் ஜீவராஜின் ஆட்டோ நிற்கும். அவன் கண்ணில் படாமல் அங்கே யாரும் கோச்சி ஏற முடியாது.

"அவன் என்ன சொன்னான்?"

"பதிலே இல்ல. ஒத்த டிக்தான் விழுந்திருந்திச்சு. நம்ம பக்கம் சிக்னல் எங்க இருக்கு?"

"'கே'ன்னா, லொறி ஓட்டுற கஜேந்திரனா? அந்த வயித்தத் தூக்கிக்கிட்டு அவன் எங்கடா ஓடுறது?"

ஜீவராஜ் சிரிக்கவில்லை.

கோச்சி வந்தது. இவன் முன்பக்கமும் யோகேஸ்வரன் பின்பக்கமுமாக ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்தார்கள். ஏறியவர்களிலும் அவள் இல்லை, இருந்தவர்களிலும் இல்லை. கோச்சி கிளம்பி, பனிமூட்டத்துக்குள் போய் மறைந்தது.

"பயந்து நின்னுட்டா போல. வா, ஒரு பிளேன்டீ குடிப்போம்" என்றான் யோகேஸ்வரன்.

டீ ஆறிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தால், அந்தப் பக்கம் ஒரே தடதடச் சத்தம்.

"நான்தாங்க." தனுஷிகாவின் குரல். "இது பக்கத்துல இருக்கிற அக்காவோட போன். என் போன் வீட்டுல ஆணியில தொங்குது."

"எங்க இருக்க?"

"கோச்சியில. கொழும்புக்கு வேலைக்குப் போறேன். இப்பதான் றொசல்லயில ஏறினேன்."

"எவன்கூட?"

"யாருகூடவும் இல்ல."

ஜீவராஜ் வெறும் தண்டவாளத்தையே பார்த்தான். "அப்ப... ஹட்டனுக்கு வாறேன்னு அவனுக்கு எழுதியிருந்தியே?"

"நீங்க படிக்கத்தாங்க எழுதினேன்."